நடக்கிற தூரத்தில் ஓர் அறை

திருவிழாவோ கல்யாணமோ தேர்வோ நடக்கும் இடத்துக்கு அருகில், வசதியான விடுதியில் எடுக்கப்படும் அறை ஒரு தனி வகை. அதன் வாடகையில் கட்டிலுக்கும் மெத்தைக்கும் சேருவது ஒரு பங்கு, மீதியெல்லாம் தூரத்துக்கு. சேலம், நாமக்கல் சமவெளியில் இந்த அறைக்கு ஆண்டு முழுவதும் கிராக்கி உண்டு. மார்கழியில் நாமக்கல் ஆஞ்சநேயர், வைகாசியில் திருச்செங்கோட்டுத் தேர், மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி நீட் தேர்வு, ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மனும் குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை, அன்னதானப்பட்டி மாரியம்மன்களும். இடைப்பட்ட நாட்களில் காலண்டர் எங்கெல்லாம் முகூர்த்தம் காட்டுகிறதோ அங்கெல்லாம் கல்யாணம். இந்த வகை அறைக்கு ஒரு பொதுக்குணம் உண்டு: பணம் கட்டியவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் அது பயன்படும்.

இதற்கு நாமக்கல்லே முதல் சான்று. அந்த ஊரில் விழா நாயகருக்கே அறை கிடையாது. 18 அடி உயரத்தில், ஒரே கல்லில், எதிரே மலையைக் குடைந்த கோயிலில் இருக்கும் நரசிம்மரைப் பார்த்துக் கைகூப்பி நிற்கும் ஆஞ்சநேயருக்கு மேலே கூரையோ விமானமோ இல்லை. வெயிலும் மழையும் மார்கழிப் பனியும் நேராக அவர் தலையில்தான் இறங்குகின்றன. நேபாளத்துக் கண்டகி நதியிலிருந்து சாளக்கிராமத்தைச் சுமந்துகொண்டு வந்தவர், வழியில் கமலாலயக் குளத்தைப் பார்த்ததும் குளித்துவிட்டுப் போகலாமென்று சுமையை இறக்கினார்; திரும்பி வந்தபோது அதைத் தூக்க முடியவில்லை; அது மலையாகிவிட்டது என்கிறது தலபுராணம். ஆக, நாமக்கல்லில் குளிப்பதற்காக மட்டும் இறங்கி, பிறகு கிளம்ப முடியாமல் போன முதல் பயணி அவரே. அவருடைய ஜெயந்திக்கு வருகிற கூட்டத்தில் பெரும்பகுதி இன்றும் அதே காரணத்துக்காகத்தான் அறை தேடுகிறது. குளிக்க ஓர் இடம் வேண்டும். பையை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும்.

விடுதி என்று ஒன்று பரவலாக வருவதற்கு முன்னால் கோயிலுக்கு வந்தவர்கள் சத்திரத்தில் தங்கினார்கள். சத்திரம் நிறைந்தால் கோயிலிலேயே படுத்தார்கள். இந்த முறையில் நாமக்கல்லில் தங்கியவர்களில் மிகப் புகழ்பெற்றவர் கணித மேதை ராமானுஜன். நாமகிரித் தாயார் அவருக்குக் குலதெய்வம். கேம்பிரிட்ஜிலிருந்து அழைப்பு வந்து, கடல் கடக்கலாமா கூடாதா என்று வீடே திண்டாடிக்கொண்டிருந்த 1913-ஆம் ஆண்டின் இறுதியில், சென்னைத் துறைமுக அலுவலகத்தில் தமக்கு மேலே இருந்த நாராயண ஐயரோடு அவர் நாமக்கல் வந்தார் என்றும், கோயில் வளாகத்தில் மூன்று இரவுகள் படுத்திருந்தார் என்றும், மூன்றாம் இரவில் தாயாரின் உத்தரவு கிடைத்தது என்றும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1914 மார்ச் 17 அன்று அவர் கப்பலேறினார். விழா நடக்கும் இடத்துக்கும் தங்கும் இடத்துக்கும் இடையே தூரமே இல்லாத ஏற்பாடு இது. வாடகை கிடையாது. கிளம்பும் நேரம், கனவு முடிந்ததும். ஒரே அறையில் உறவுக்காரர்கள் பதினோரு பேர் பையை வைக்க வந்ததாக எந்த வரலாற்றிலும் குறிப்பில்லை. எண் கோட்பாட்டுக்கு அது நல்லதாகப் போயிற்று.

இப்போதைய விடுதிகளில் தூரம் ‘நடக்கிற தூரம்’ என்னும் அளவையால் குறிக்கப்படுகிறது. அதற்கு மீட்டர் கணக்கு கிடையாது. தொலைபேசியில் கேட்டால், “கோயிலு நடக்கிற தூரந்தானுங்க” என்று ரிசப்ஷனில் சொல்வார்கள். சொல்கிறவர் நடப்பதில்லை, அவருக்கு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. சாதாரண நாளில் இந்த அளவை ஓரளவு சரியாகவே இருக்கும். அனுமன் ஜெயந்தியன்று கோட்டைச் சாலைப் பக்கம் கட்டைகள் கட்டி, வண்டிகளைத் திருப்பிவிட்டபின் கணக்கு மாறுகிறது. காரை எங்கோ நிறுத்திவிட்டு, சூட்கேஸைச் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு விடுதிக்கு வருவதே ஒரு பாதயாத்திரை ஆகிவிடும். அறையில் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, கோயில் இதோ இருக்கிறது என்ற தெம்போடு கீழே இறங்குகிறவருக்கு அடுத்த செய்தி காத்திருக்கும். வரிசை விடுதி வாசலைத் தாண்டி எப்போதோ போய்விட்டது. அதன் வால் எங்கே என்று கண்டுபிடிக்கக் கோயிலுக்கு எதிர்த்திசையில் நடக்க வேண்டும். வாலைப் பிடித்து, வரிசையோடு நகர்ந்து, நெடுநேரத்துக்குப் பிறகு அவர் தம்முடைய விடுதி வாசலுக்கே வந்து சேருவார். அங்கே நின்று தம் அறை ஜன்னலை அண்ணாந்து பார்க்கும்போது, உள்ளே ஃபேன் ஓடுவது தெரியும். யாரோ இருக்கிறார்கள்.

‘பஸ் ஸ்டாண்ட் அருகில்’ என்பதும் இப்படிப்பட்ட ஓர் அளவைதான். 2024-இல் நாமக்கல்லுக்கு முதலைப்பட்டியில் புதிய பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. அந்தப் பலகையை மாட்டியிருந்த பழைய விடுதிகள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பஸ் ஸ்டாண்டுதான் விலகிப் போனது. சேலத்தில் இந்தச் சிக்கல் முன்னமே உண்டு. அங்கே பழைய பஸ் ஸ்டாண்டு ஒன்று, புது பஸ் ஸ்டாண்டு ஒன்று, சூரமங்கலத்தில் ஜங்ஷன், ஊருக்குள் டவுன் ஸ்டேஷன். கோட்டை மாரியம்மன் இருப்பது பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம். ஐந்து ரோட்டுப் பக்கத்தில் சொகுசான விடுதியாகப் பார்த்து எடுத்துவிட்டு, மாரியம்மனைப் பார்க்க டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற வெளியூர்க்காரரை ஒவ்வொரு ஆடியிலும் காணலாம். அவர் விடுதியும் பஸ் ஸ்டாண்ட் அருகில்தான். எந்த பஸ் ஸ்டாண்டு என்று அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அறையை எங்கே எடுப்பது என்பதைவிட என்றைக்கு எடுப்பது என்பது கடினம். தமிழ்நாட்டில் அனுமன் ஜெயந்தி மார்கழி அமாவாசையும் மூல நட்சத்திரமும் கூடும் நாளையொட்டி வருகிறது. மார்கழியோ டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடிகிற மாதம். ஆகவே ஆங்கில ஆண்டுக்கு ஒரு ஜெயந்தி என்ற கணக்கு ஒத்துவராது. 2022-இல் ஜனவரி 2 அன்று ஒன்று, டிசம்பர் 23 அன்று இன்னொன்று. 2023-இல் ஒன்றுமில்லை. 2024-இல் மறுபடியும் இரண்டு: ஜனவரி 11, டிசம்பர் 30. ‘போன வருஷம் எடுத்த அதே தேதிக்கு’ என்று முன்பதிவு செய்கிறவர் வந்து சேரும்போது ஆஞ்சநேயர் இருப்பார், விழா இருக்காது. இன்னொரு வகையினர் கைபேசிக் காலண்டரை நம்பி ஏப்ரலில் வருகிறவர்கள். வடக்கே சைத்ர மாதப் பௌர்ணமியில் கொண்டாடும் ஜெயந்தி அது. அவர்களுக்குக் கோயில் பக்கத்திலேயே அறை கிடைக்கும், பேரம் பேசினால் வாடகையும் இறங்கும், வெந்நீர் நாள் முழுவதும் வரும், ஒரு உறவுக்காரரும் வரமாட்டார். இந்த வகை அறையைப் பூரணமாக அனுபவித்தவர்கள் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால், தேதி தவறி வந்த இவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

வாடகை நிர்ணயத்துக்கும் சில நியதிகள் உண்டு. நாளொன்றுக்கு 1000 ரூபாய்க்கு மேற்படாத அறைக்கு ஒரு காலத்தில் ஜி.எஸ்.டி. கிடையாது. 2022 ஜூலை 18 முதல் அதற்கும் 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதமானது. வரி ஏறும்போது வாடகை ஏறியதை எல்லாரும் பார்த்தார்கள். வரி இறங்கியபோது வாடகை இறங்கியதைப் பார்த்தவர்கள் தனியாகக் கணக்கெடுக்க வேண்டியவர்கள். விழா நாளில் இதெல்லாம் பொருட்டே அல்ல. ரிசப்ஷனுக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கும் கட்டணப் பட்டியல் அன்று வெறும் அலங்காரப் பொருளாகிவிடும். உரையாடல் இப்படிப் போகும்:

“ரூம் இருக்குதுங்களா?”

“கோயிலுக்குங்களா, கல்யாணத்துக்குங்களா?”

“கோயிலுக்குத்தானுங்க.”

“கோயிலுக்குன்னா ரேட்டு வேறங்க.”

“கல்யாணத்துக்குன்னா?”

“அதுவும் வேறதானுங்க.”

கேள்வி கேட்கப்படுவது வாடகையை முடிவு செய்வதற்காக அல்ல, எத்தனை தலைகாணி எடுத்துவைக்க வேண்டும் என்பதற்காக. கோயிலுக்கு வருகிறவர்கள் உட்காருவார்கள். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் படுப்பார்கள். பதிவேட்டில் ‘தங்குவோர் எண்ணிக்கை’ என்ற கட்டத்தில் 2 என்று எழுதப்படும். எழுதுகிறவருக்கும் அது உண்மையில்லை என்று தெரியும். எழுதச் சொல்கிறவருக்கும் தெரியும். ஆதார் நகலை வாங்கி வைத்துக்கொண்டு இருவரும் புன்னகை செய்துகொள்வார்கள்.

விழாவுக்கு வராமலே விழா இடத்துக்குப் பக்கத்தில் தங்கியிருக்கிற ஓர் இனமும் நாமக்கல்லில் உண்டு. லாரிக்குப் பாடி கட்டும் ஊர் அது. வடமாநிலங்களிலிருந்துகூடச் சேசிஸை ஓட்டிக்கொண்டு வந்து பட்டறையில் விட்டுவிட்டு, பாடி முடியும் வரை வாரக்கணக்கில் லாட்ஜில் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு மொத்தமாகப் பேசிய வாடகை. ஜெயந்திக்காக அறையைக் காலி செய்யச் சொல்ல முடியாது. சொன்னாலும் மொழி புரியாததுபோல் இருந்துவிடுவார்கள். கடைசியில் பார்த்தால், ஆறு மாதம் முன்பே பணம் கட்டிய உள்ளூர்ப் பக்தருக்குப் பின்பக்கத்து அறையும், அனுமனைத் தன் ஊர்க்காரர் என்றே நினைத்துக்கொண்டிருக்கும் லாரி உரிமையாளருக்குக் கோயில் பக்கத்து அறையும் அமைந்திருக்கும். அவர் பல் துலக்கிக்கொண்டே கூட்டத்தைப் பார்ப்பார். விழாக்கால விடுதியின் எல்லா நன்மைகளும் அவருக்கே. அவருக்கு நாமக்கல்லில் அத்தை இல்லை.

அத்தை என்னும் பொருளுக்கு இப்போது வரலாம். விழா இடத்துக்கு அருகில் ஒருவர் அறை எடுத்த செய்தி, அவர் முன்பணம் கட்டி ரசீது வாங்குவதற்குள் பரமத்தி வேலூரிலிருந்து ராசிபுரம் வரை தெரிந்துவிடும். எப்படித் தெரிகிறது என்பது ஆராயப்படாத துறை. முதல் தொலைபேசி அழைப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்.

“தம்பி, ரூம் எங்க போட்டிருக்கிற?”

“கோயிலுக்குப் பக்கத்துலதானுங்க அத்தை.”

“அப்பச் சரி. நாங்க தங்கறதுக்கெல்லாம் வரலைப்பா. பையை மட்டும் வெச்சுட்டுப் போயிர்றோம்.”

பை என்பது ஒருமையில் சொல்லப்பட்டாலும் பன்மையில் வரும். பையோடு பையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வருவார். அவருக்கு முழங்கால் வலி; வரிசையில் நிற்க முடியாது; கட்டிலில் உட்காருவார். பிறகு கைக்குழந்தையோடு ஒரு பெண், குழந்தை தூங்க வேண்டும், ஃபேன் வேண்டும், விளக்கு கூடாது. பிறகு, புடவை மாற்ற ஐந்து நிமிஷம் என்று கதவைச் சாத்துகிற நான்கு பேர். பிறகு, கைபேசிக்குச் சார்ஜ் போட வந்த மச்சினர். அவர் சார்ஜ் ஏறும் வரை நகரமாட்டார். பிறகு இவர்களுடைய ஒரம்பரை, அறை எடுத்தவருக்கு முகம் மட்டும் தெரிந்தவர்கள். பிறகு அவர்களுடைய பக்கத்து வீட்டார், முகமும் தெரியாதவர்கள். இந்தக் கடைசி வகையினர்தான் அறை எடுத்தவர் கதவைத் தட்டும்போது, “யாரு வேணுங்க?” என்று கேட்பவர்கள்.

சாவி ஒன்றுதான். அது முதல் ஒரு மணி நேரத்துக்குள் அறை எடுத்தவர் கையைவிட்டுப் போய்விடும். யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் மாமாவிடம் என்பார்கள், மாமா டீக்கடையில், டீக்கடையில் கேட்டால் வரிசையில். இதனால் விழா நாளில் விடுதிகளின் ரிசப்ஷன் சோபாக்களில் வேட்டி, சட்டை, அங்கவஸ்திரத்தோடு அமர்ந்திருக்கும் மனிதர்களைப் பார்வையாளர்கள் என்று நினைக்கக் கூடாது. அவர்கள் எல்லாரும் முதல் மாடியிலும் இரண்டாம் மாடியிலும் அறைக்கு முழு வாடகை கட்டியவர்கள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள மாட்டார்கள், பேசவும் தேவையில்லை.

குளியலறை தனி அத்தியாயம். பல லாட்ஜுகளில் வெந்நீர் காலை 6 மணி முதல் 9 மணி வரை என்று எழுதிப் போட்டிருக்கும். மார்கழியில் அனுமன் ஜெயந்திக்குக் குளிக்க வேண்டிய நேரமோ 3 மணி. ஆகவே ரூம் பாயைத் தூக்கத்திலிருந்து எழுப்பிச் சுவிட்சைப் போடச் சொல்ல வேண்டும். அதற்குத் தனியாகக் கவனிக்க வேண்டும். வெந்நீர் வந்தபின் யார் முதலில் என்ற கேள்விக்கு எழுதப்படாத சட்டம் இருக்கிறது. வயதில் மூத்தவர், வேண்டுதல் உள்ளவர், குழந்தைகள், ‘நான் ரெண்டே நிமிஷம்’ என்பவர், உண்மையிலேயே இரண்டு நிமிஷத்தில் வருபவர் என்று வரிசை போகும். அறை எடுத்தவர் கடைசி. அவருடைய முறை வரும்போது கீசரில் சூடு தீர்ந்திருக்கும், சோப்பு கரைந்திருக்கும், துண்டு நனைந்திருக்கும். கமலாலயக் குளத்தில் குளித்த ஆஞ்சநேயருக்குக் கிடைத்த அதே குளிர்ந்த தண்ணீர்தான் இவருக்கும். புண்ணியக் கணக்கில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி வடை. ஜெயந்தியன்று ஆஞ்சநேயருக்குச் சாத்தப்படுவது 1,00,008 வடைகள் கோத்த மாலை. உளுந்தில் மிளகும் சீரகமும் சேர்த்துத் தட்டி, நடுவில் துளையிட்டுக் கெட்டியாகச் சுட்ட வடை, மெதுவடை அல்ல. ஸ்ரீரங்கத்திலிருந்து சமையல் குழு வந்து நாட்கணக்கில் சுட்டுக் கோத்து முடிக்கிறது. காலையில் வடைமாலையில் தரிசனம், அதன்பின் மாலையைக் களைந்து பால், தயிர், மஞ்சள், சந்தனம் என்று அபிஷேகம், பிறகு அலங்காரம். வடைகள் பிரசாதமாகப் பக்தர்களுக்குப் போகின்றன. இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போதே விடுதி ஓட்டலில் காலைச் சிற்றுண்டிக்கு உட்கார்ந்து, “ரெண்டு இட்லி, ஒரு வடை” என்று கேட்டால், “வடை தீந்துபோச்சுங்க” என்பார்கள். முட்டை கேட்கலாமென்றால், தமிழ்நாட்டுக்கே முட்டை விலை நிர்ணயமாகிற ஊரில், அன்றைக்குச் சைவம் மட்டும்.

வசதியான அறை என்பதில் ‘வசதி’ கூடக்கூட விழா குறையும் என்பதும் இங்கே குறிப்பிடத் தக்கது. முந்தைய இரவு பன்னிரண்டு பேருக்கு இடம் கொடுத்துவிட்டு, அவர்களெல்லாம் 3 மணிக்குக் கிளம்பிப் போனபின், ஏ.சி.யை 24-இல் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் கண்ணயரலாமென்று சாய்கிறவர் எழுந்திருக்கும்போது மாலையைக் களைந்து அபிஷேகம் தொடங்கியிருக்கும். அறை எடுத்ததே வடைமாலையைப் பக்கத்திலிருந்து பார்க்கத்தான். இப்போது அதை அவர் உள்ளூர் கேபிள் டி.வி.யில் பார்ப்பார். படம் தெளிவாகவே இருக்கும். கும்பிடுகிற கூட்டத்தில், சட்டென்று வந்து போகும் ஒரு காட்சியில், தம் அத்தை முன்வரிசையில் நிற்பதையும் பார்ப்பார். தோளில் விடுதித் துண்டு.

சேலத்தில் அறையின் பயன் வேறு மாதிரி. ஆடியில் ஊர் உலகமெல்லாம் கல்யாணம் இல்லாமல் மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். மண்டபத்தை நம்பிய விடுதிகளும் ஈயோட்டும். சேலத்துக்கு அந்தக் கவலை இல்லை. பூச்சாட்டுதலில் தொடங்கி, கம்பம் நட்டு, சக்தி அழைத்து, உருளுதண்டம், பொங்கல், சத்தாபரணம் என்று ஒவ்வொரு பேட்டையாக நாட்கள் ஓடும்; மாவட்டத்துக்கே ஒரு நாள் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். இவற்றில் அறைக்கு அதிகம் அடிபடுவது வண்டி வேடிக்கைக்கு. குகையில் நூறு ஆண்டைத் தாண்டி நடந்துவரும் நிகழ்ச்சி இது. ஒரு காலத்தில் மாட்டுவண்டி. இப்போது மின்விளக்கு ஜோடித்த பெரிய வாகனங்கள். அவற்றின் மேல் சிவனும் பார்வதியும் முருகனும் காளியும் வேஷம் கட்டி அசையாமல் உட்கார்ந்திருக்க, இரவில் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்துபோகும். அசையாமல் உட்காருவது சுலபமல்ல. கடந்துபோகும் சிவபெருமான் மூக்கைச் சொறிய முடியாமல் தவிப்பதை மாடியிலிருந்து பார்த்தால்தான் தெரியும். அதற்காகத்தான் பால்கனி வைத்த அறை.

பால்கனியில் நான்கு பேர் நிற்கலாம். அன்று இருபது பேர் நிற்பார்கள். கல்யாணப் படத்தில் நிற்பதுபோல உயரம் பார்த்து நிற்கவும் முடியாது. யார் முதலில் வந்தார்களோ அவர்கள் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். அறை எடுத்தவர் தட்டுவடை செட் வாங்கக் கீழே அனுப்பப்படுவார். தட்டுவடை, நடுவில் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் சட்னியும், மேலே இன்னொரு தட்டுவடை. இருபது செட் கட்டி வாங்க நேரமாகும். அவர் கூட்டத்தை நீந்தித் திரும்பி மேலே வரும்போது கடைசி வண்டி திருப்பத்தில் மறைந்துகொண்டிருக்கும். “நல்லாத் தெரிஞ்சுதுங்க மாப்பிள்ளை, அருமையான ரூமு” என்று மாமனார் பாராட்டுவார். அதன்பின் தூங்கலாமென்றால், ஜன்னலுக்கு நேரே கம்பத்தில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரி. விடுதியின் விளம்பரத்தில் ‘ஒலி புகாத அறைகள்’ என்று இருந்தால், அது அம்மன் பாட்டை உத்தேசித்து எழுதியதல்ல.

திருச்செங்கோட்டில் இடர் வேறு. வைகாசியில் அர்த்தநாரீசுவரர் தேர் ஒரே நாளில் நிலைக்கு வந்துவிடுவதில்லை. இழுப்பார்கள், நிறுத்துவார்கள், மறுநாள் தொடர்வார்கள். ரதவீதியில் காரோடு அறை எடுத்தவர், தேர் எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்துத்தான் ஊருக்குக் கிளம்ப முடியும். ஒரு நாளைக்கு என்று வந்தவர் இரண்டாம் நாள் வாடகையையும் கட்டிவிட்டு, வடத்தில் கைவைத்து இழுப்பதைத் தவிர வேறு வழியில்லை. தேருக்கு ஆள் சேர்க்க இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது.

நீட் தேர்வுக்கு எடுக்கும் அறைதான் இந்த வகையில் மிக அமைதியானது. முதல் நாள் இரவே அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் வந்து சேருவார்கள். டி.வி. போடக் கூடாது, கைபேசி ஒலிக்கக் கூடாது, அப்பா இருமக் கூடாது. பிள்ளை படிக்கும், அம்மா பிள்ளையைப் பார்ப்பாள், அப்பா குளியலறையில் நின்றுகொண்டு பேசுவார். தேர்வு பிற்பகல் 2 மணிக்கு, 1.30-க்குள் வாசல் சாத்திவிடுவார்கள். விடுதியைக் காலி செய்யும் நேரம் நண்பகல் 12. ஆகவே, தூரம் மிச்சமாகட்டும் என்று எடுத்த அறையைப் பூட்டிக் கொடுத்துவிட்டு, மே மாத வெயிலில் தேர்வு மையத்து வேப்பமரத்தடியில் மாலை வரை பெற்றோர் நிற்பார்கள். அரை நாள் கூடுதல் வாடகை கட்டினால் ஏ.சி.யில் இருக்கலாம். இருக்க மாட்டார்கள். பிள்ளை உள்ளே கஷ்டப்படும்போது தாங்கள் சொகுசாகப் படுத்திருந்தால் மதிப்பெண் குறையும் என்பது உறுதியான நம்பிக்கை.

இதற்கெல்லாம் நேர்மாறான உதாரணம் வாழப்பாடி. அங்கே சேலம் கிரிக்கெட் அறக்கட்டளையின் மைதானம் 2020 பிப்ரவரியில் ராகுல் டிராவிட் கலந்துகொண்ட விழாவில் திறக்கப்பட்டது, டி.என்.பி.எல். ஆட்டங்களும் நடந்திருக்கின்றன. சுற்றிலும் வயல், தென்னை, குன்று. பக்கத்தில் சொகுசு விடுதி கிடையாது. தங்க வேண்டுமானால் சேலத்துக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும். இதனால் அங்கே ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். பையை வைக்க, முகம் கழுவ, குழந்தையைத் தூங்கவைக்க என்று யாரும் நடுவில் எழுந்து போவதில்லை.

அறையைக் காலி செய்யும்போது கணக்கு தீர்க்கப்படுகிறது. பதிவேட்டின்படி தங்கியவர்கள் இருவர். பில்லின்படி எக்ஸ்ட்ரா பெட் ஆறு. இந்த முரண்பாட்டை இரு தரப்பும் பேசுவதில்லை. தொலைந்த துண்டு ஒன்றுக்கும் உடைந்த மக் ஒன்றுக்கும் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். அறையில் விட்டுப்போன பொருட்கள் என்று ரூம் பாய் ஒரு பையில் கொண்டுவந்து தருவார்: ஒரு மூக்குக் கண்ணாடி, குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ், யாருடையதென்று தெரியாத கைபேசிச் சார்ஜர், பிரசாத வடை நான்கு. கண்ணாடி பரமத்திக்குப் போக வேண்டியது, சாக்ஸ் ராசிபுரத்துக்கு. அவற்றைச் சேர்ப்பிக்கும் பொறுப்பு அறை எடுத்தவருடையது, வழக்கம் அப்படி. சார்ஜருக்கு உரியவர் வீடு போய்ச் சேர்வதற்குள் அவரே கூப்பிடுவார்.